ஊதுவத்திக்குப் பின்னால் அம்மா

அம்மா போனில் போட்ட சத்தத்தில் வெய்லான் பசை டப்பாவை மூடாமலே எழுந்து நின்றுவிட்டாள்.

"ஏ புள்ள! ஒம் பேரு வந்துச்சுடீ! நாடகம் முடிஞ்சதும் கடைசில எழுத்தெல்லாம் மேல ஓடுதுல்ல, அதுல! நூடுல்ஸ் கடை ஜின்ஹுவா டக்குன்னு டிவிய நிறுத்திட்டா. போட்டோ எடுத்து வச்சிருக்கேன். செட் பொருள்கள் உதவி, பெங் வெய்லான். சோறு போடுறவங்க பேருக்கும் மேல இருக்கு."

"வேன் டிரைவருக்கும் மேலதாம்மா."

"சொல்லு பின்ன! சீட்டு வாங்க வந்தவன் ஒருத்தனையும் விடல. உக்காரு, எம் பொண்ணு பேரு ஓடட்டும், அப்புறமா நம்பர் சொல்லுன்னுட்டேன்."

அம்மா ஹு சுன்யூ, லியுயாங்கில் பேருந்து நிலையத்துக்கு எதிரே லாட்டரிச் சீட்டுக் கடை வைத்திருப்பவள். அப்பா தோங்குவானுக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்ட பிறகு, அந்தக் கடைதான் இரண்டு பேருக்கும் சோறு போட்டது. வெய்லான் இப்போது ஹாங்ஜோவில் ஒரு சரித்திர டிவி நாடகத்துக்காகக் கிட்டங்கியில் உட்கார்ந்து கிழிந்த காகித விளக்குகளை ஒட்டிக்கொண்டிருந்தாள். அம்மா பார்ப்பது அதற்கு முன்னால் அவள் ஷியாமெனில் வேலை செய்த நாடகம்: 'முதலாளியம்மா, கொஞ்சம் சிரிங்க.' தினமும் மாலை இரண்டு பாகமாக வருகிறது.

"அந்த ஷாங் யிங் இருக்கா பாரு, அவதான் பொண்ணு! ஸ்பானரைத் தோள்ல போட்டுக்கிட்டு எப்படி நடக்குறா! லிஃப்டு ரிப்பேர் கம்பெனியே அவளுதாம். அந்தப் பல்லு டாக்டர், ஆம்பளைன்னு சொல்லிக்கிட்டு, லிஃப்டு நின்னதும் ஓன்னு அழுவுறான். அவ கதவை நெம்பித் தொறந்து, 'அழுது முடிச்சாச்சா, இல்ல மூடிட்டுப் போகட்டுமா'ன்னா. கடையே சிரிச்சுது."

"கழுத்து எப்படிம்மா இருக்கு?"

"அது பாட்டுக்கு இருக்கு. வியாழக்கிழம கட்டிய வெட்டி எடுத்தாப் போச்சு. மிச்ச நாடகத்த ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டே பாத்துருவேன். சரி, நீ சாப்டியா?"

"சாப்டேன்மா. வேலை இருக்கு. வச்சுரட்டா?"

போனை வைத்தபின் வெய்லான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். இன்றோடு ஆறு பாகம் முடிந்தது. ஒன்பதாவது பாகம் நாளை மறுநாள். ஒன்பதாவது பாகத்தில்தான் ஷாங் யிங்கின் வீட்டை முதன்முறையாகக் காட்டுவார்கள். அந்த வீட்டு அலமாரியின் மேல், ஊதுவத்திக்குப் பின்னால், ஷாங் யிங்கின் இறந்துபோன அம்மாவின் கறுப்பு வெள்ளைப் படம் இருக்கும். அந்தப் படத்தில் சிரித்துக்கொண்டிருப்பது ஹு சுன்யூ.

அது திட்டம் போட்டு நடந்ததல்ல. திட்டம் போட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று வெய்லான் பலமுறை நினைத்ததுண்டு. அவள் எதையும் ஒழுங்காகச் செய்கிறவள். ஒவ்வொரு கோப்பைக்கும் செருப்புக்கும் சீட்டு ஒட்டி, எந்தக் காட்சி, எந்த நாள் என்று எழுதி வைப்பாள். எழுதிவிட்டு, சரியாகத்தான் எழுதினோமா என்று திரும்பவும் போய்ப் பார்ப்பாள்.

இறந்தவர் படம் என்றால் செட்டில் சில விதிகள் உண்டு. பொருள்கள் பிரிவின் தலைவர் ஃபூ அண்ணன் அதில் மிகக் கறார். முகம் சிரித்தபடி இருக்க வேண்டும். அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் கையில், திருஷ்டி கழிப்பதுபோல, பணம் வைத்த ஒரு சிவப்பு உறை போய்ச் சேர வேண்டும். படப்பிடிப்பு முடிந்ததும் அவரே தன் கையால், சிரித்துக்கொண்டே, படத்தைக் கிழித்துப் போட வேண்டும். உயிரோடு இருப்பவருக்கு ஊதுவத்தி காட்டியது அப்போதுதான் ஒட்டாமல் போகும்.

துணை நடிகர்களை அனுப்பும் ஏஜென்ட் ஒரு வயதான பெண்ணைப் பேசி வைத்திருந்தார். அன்று காலை அந்தப் பெண்ணின் மகன் போன் செய்து கத்தினான். இந்த மாதம் அம்மாவுக்குப் பிறந்தநாள் விருந்து வைத்திருக்கிறோம், அவளைப் போய்ப் பிணமாக்கப் பார்க்கிறீர்களா என்று. அதோடு அவள் வரமாட்டாள் என்று ஆயிற்று. விளக்குகள் போட்டாகிவிட்டது. இயக்குநர் கே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரில் உருவாக்கிய ஒரு கிழவி முகத்தை வெய்லான் காட்டினாள். "இது சோப்பு விளம்பரத்துக்கு ஆகும். இவ யாரையும் பெத்தவ மாதிரி இல்லயே" என்று அவர் தள்ளிவிட்டார்.

வெய்லானின் போனில், புத்தாண்டு விடுமுறையில் மருத்துவ அட்டைக்காக அவள் எடுத்த அம்மாவின் படம் இருந்தது. வெள்ளைச் சுவர். மோவாயை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று இவள் சொல்லிக்கொண்டே இருந்ததில் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்ட கணம். ஒரே காட்சி, தூரத்தில் மங்கலாகத்தான் தெரியும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு அச்சுக் கடைக்கு ஓடினாள்.

"ஏஜென்ட் அனுப்பிட்டாருண்ணே" என்று ஃபூ அண்ணனிடம் சொன்னாள்.

அவர் படத்தை நிமிர்த்திப் பார்த்தார். "நல்ல முகம். இந்தா உறை. அந்தம்மா கையிலயே குடு. தபால்ல போடாத."

தூரத்தில் மங்கலாகவே இருந்திருக்கும். ஆனால் ஷாங் யிங்காக நடித்த ஜின்யான், வெளிச்சம் சரிசெய்கிற நேரத்தில் அலமாரி அருகே நின்று படத்தையே பார்த்தாள். "இந்தம்மா சிரிக்கிறாங்களா, என்னத் திட்டப் போறாங்களா?" என்றாள். கேமரா ஓடத் தொடங்கியதும், வசனத்தில் இல்லாத ஒன்றை அந்தப் படத்தைப் பார்த்துச் சொன்னாள்: "அப்படிப் பாக்காதம்மா. இன்னிக்கு ஒரு வேலை கை நழுவிப் போச்சு. பரவால்ல, சோறு சாப்ட்டேன்."

இயக்குநர் கே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அன்று மாலையே எழுத்தாளரைக் கூப்பிட்டு, இனி எல்லா முக்கியக் கட்டத்திலும் ஷாங் யிங் படத்தோடு பேச வேண்டும் என்று சொல்லிவிட்டார். பல் டாக்டர் அவளை முத்தமிட வரும்போது அவள் கையை நீட்டிப் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பாள். மறுநாள் காலை திரும்ப நேராக்கி, "நேத்து ஒண்ணும் நடக்கல" என்பாள். செட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஒவ்வொரு முறையும் படத்தைத் துடைத்து வைத்து ஊதுவத்தி ஏற்றியவள் வெய்லான். முதல் தடவை "மன்னிச்சிரும்மா" என்று முணுமுணுத்துக்கொண்டுதான் ஏற்றினாள். பிறகு பழகிவிட்டது. பழகிப்போனதுதான் இப்போது அதிகமாக உறுத்தியது.

படப்பிடிப்பு முடிந்த அன்று, அந்தம்மா வந்து கிழித்துவிட்டுப் போனார் என்று ஃபூ அண்ணனிடம் சொன்னாள். சொந்த அம்மாவின் முகத்தைக் கிழிக்க அவளுக்குக் கை வரவில்லை. ஒரு துண்டில் சுற்றித் தன் பெட்டியின் அடியில் வைத்தாள். அவளிடம் இருந்த பொருள்களிலேயே சீட்டு ஒட்டாதது அது ஒன்றுதான்.

ஊருக்குப் போவதைத் தவிர வேறு வழி தோன்றவில்லை. போனில் சொன்னால் அம்மா பயந்துவிடுவாள். இது பாம்பு வருடம். அம்மா பிறந்ததும் பாம்பு வருடத்தில். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை தன் விலங்கு திரும்பி வருகிற வருடத்தில் கெட்டதெல்லாம் வீடு தேடி வரும் என்று புத்தாண்டிலிருந்தே அம்மா சிவப்புக் காலுறை, சிவப்பு உள்சட்டை, இடுப்பில் சிவப்புக் கயிறு என்று நடமாடுகிறாள். கழுத்துக் கட்டியை எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது, ஊசி வைத்துப் பார்த்ததில் நல்லதாகத் தெரியவில்லை என்று சாங்ஷா டாக்டர் சொன்னதற்கு அவளைச் சம்மதிக்க வைக்கவே கோடை முழுவதும் ஆனது. ஆபரேஷன் முடியும்வரை எப்படியாவது அந்த ஒன்பதாவது பாகமும் அதற்குப் பின் வருவதும் அவள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெய்லான் விடுப்புச் சொல்லி, துண்டில் சுற்றிய படத்தையும் கொடுக்காத சிவப்பு உறையையும் பைக்குள் வைத்துக்கொண்டு ரயில் ஏறினாள். அறையில் விட்டுப் போக மனம் வரவில்லை.

ஒன்பதாவது பாகம் வரும் அன்று மாலை போய்ச் சேர்ந்தபோது, அம்மா கடை வாசலிலேயே நின்றிருந்தாள். கழுத்தில் சிவப்புச் சால்வை.

"என்னடீ, இளைச்சுப் போயிட்ட? ஹாங்ஜோவுல சோறே கண்ணுல காட்றதில்லயா?"

"அம்மா, இன்னிக்கு வெளிய போய்ச் சாப்பிடலாமா? ஆத்தங்கரை ஓட்டல்ல ஆவில வேகவச்ச மீன்..."

"நாடகம் வர்ற நேரத்துலயா? நீ செஞ்ச நாடகத்த விட்டுட்டு நான் மீனத் திங்கப் போறேனா? வாய மூடிக்கிட்டு உக்காரு."

பக்கத்து நூடுல்ஸ் கடை ஜின்ஹுவா சித்தி கையில் கிண்ணத்தோடு வந்து தன் வழக்கமான ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன் லாவ் சியே, வராத நம்பருக்காக வருடக்கணக்காகக் காத்திருப்பவர், சுவரில் சாய்ந்து நின்றார். சீட்டு அச்சிடும் இயந்திரத்துக்கு மேலேதான் டிவி. நாடகம் தொடங்கப் போகிற நேரத்தில், விழுந்த பேனாவை எடுப்பதுபோல் வெய்லான் குனிந்து இணையப் பெட்டியின் வயரை உருவிவிட்டாள். திரை கறுத்தது.

"அய்யய்யோ!" என்றாள் சித்தி.

"நெட்டு போயிருச்சு போல" என்றாள் வெய்லான். "இன்னிக்கு வராது. நாளைக்குப் பாத்துக்கலாம்."

"வராதா? நான் எதுக்கு இருக்கேன்?" லாவ் சியே மூச்சு வாங்கிக்கொண்டு மேசைக்கு அடியில் போனார். "பிளக்கு கழண்டு கெடக்கு, வேற ஒண்ணுமில்ல. சின்னப் பசங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியுது."

அவர் வெளியே வரும்போது நாடகத்தின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

ஷாங் யிங் வீட்டுக்கு வந்தாள். காலணியைக் கழற்றி எறிந்தாள். ஊதுவத்தி ஒன்றை ஏற்றினாள். கேமரா புகையின் மேலாக மெல்ல நகர்ந்து போயிற்று. லாட்டரிக் கடைச் சுவரில், டிவி நிறைய, ஹு சுன்யூ சிரித்தாள்.

சித்தியின் குச்சியிலிருந்து நூடுல்ஸ் வழுக்கிக் கிண்ணத்துக்குள் விழுந்தது.

"சுன்யூ," என்றாள். "இது நீ."

அம்மா கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்தாள், திரும்பவும் கண்ணுக்கு இறக்கினாள்.

"எம் மாதிரி மூஞ்சி ஊருக்கு நூறு இருக்கும்."

"அந்த மச்சம் கூட..." என்று தொடங்கினார் லாவ் சியே.

"ஒங்க சீட்டப் பாருங்க, லாவ் சியே. மச்சத்த அப்புறம் பாத்துக்கலாம்."

"இல்ல சுன்யூ, ஒம்பதாவது பாகத்துல வந்திருக்க. அதான், ஒம்பதையும் சேத்துப் போடலாமான்னு..."

"போட்டுத் தொலைங்க!"

அம்மா சீட்டை அடித்துக் கொடுத்தாள். இரண்டு பாகமும் முடிகிறவரை நகராமல் உட்கார்ந்திருந்தாள். ஷாங் யிங் படத்தோடு பேசும்போதெல்லாம் சித்தி ஓரக்கண்ணால் வெய்லானைப் பார்த்தாள். கடைசியில் எழுத்துகள் மேலே ஓடின. வெய்லானின் பெயரும் ஓடியது. யாரும் அதை நிறுத்தவில்லை.

வீட்டில் வெய்லான் பேச வாயெடுத்தாள். "படு. பேச வேணாம்" என்று அம்மா விளக்கை அணைத்துவிட்டாள்.

மறுநாள் காலை சமையலறையிலிருந்து அம்மா போனில் பேசும் சத்தம் கேட்டது. வெய்லான் போய்ச் சேர்வதற்குள் பேச்சு முடிந்திருந்தது.

"யாருகிட்டம்மா பேசுன?"

"சாங்ஷா ஆஸ்பத்திரி. வரல, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னுட்டேன்."

"அம்மா! தள்ளிப்போடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல? அடுத்த வருஷம்னா அது எங்க பரவியிருக்கும்னு யாருக்குத் தெரியும்?"

"டாக்டருக்கு என்ன? அவங்கம்மாவுக்கா ஊதுவத்தி காட்டுனாங்க? பாம்பு வருஷம் ஒரு பக்கம். கழுத்துல கத்தி ஒரு பக்கம். போதாதுன்னு பெத்த பொண்ணே எனக்குப் பொகை போட்டு வச்சிருக்கா. இத்தனையும் ஒரே மாசத்துல எனக்கு வேணாம்."

"தப்புதாம்மா. அந்த அம்மா வராம போயிட்டாங்க, எல்லாரும் காத்துக்கிட்டு இருந்தாங்க, எனக்கு வேற..."

"காரணம் சொல்லாத. காரணம் ஒனக்கு எப்பவும் வரிசையா இருக்கும்."

அன்று காலை அம்மா கடைக் கதவைப் பாதிதான் திறந்தாள். ஜின்ஹுவா சித்தி பணம் கட்டி முன்கூட்டியே மொத்த நாடகத்தையும் பார்க்கும் வசதி வைத்திருந்தாள். அம்மா அவள் போனை வாங்கி வைத்துக்கொண்டு, ஷாங் யிங் படத்தோடு பேசும் இடங்களை மட்டும் தேடித் தேடி ஓட்டினாள். வெய்லான் எதிரே உட்கார்ந்து சீட்டுக் கட்டுகளை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். போனிலிருந்து ஜின்யானின் குரல் வந்துகொண்டே இருந்தது: அம்மா, இன்னிக்குக் கயிறு அறுந்துருச்சு. அம்மா, பாங்குல என்ன நிக்க வச்சுட்டாங்க. அம்மா, இந்த ஆளு என் கையப் புடிச்சான், நான் உதறல, கோவிச்சுக்காத.

அம்மா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"அந்தப் பொண்ணு வாயத் தொறந்தா மூட மாட்டேங்குது, பாத்தியா? பயந்தது, அழுதது, ஆம்பளையப் புடிச்சது, எல்லாத்தையும் எங்கிட்ட வந்து கொட்டுது. நீ என்ன சொல்லுவ? சாப்டேன்மா, வேலை இருக்கு, வச்சுரட்டா. உசுரோட இருக்குற அம்மாவுக்கு அவ்ளோதான். செத்தவளுக்கு மட்டும் விடிய விடியப் பேச்சு."

"அது வசனம்மா. யாரோ எழுதுனது."

"ஊதுவத்திய யாரு ஏத்துனா? அதுவும் வசனமா?"

வெய்லான் ஒவ்வொரு வாக்கியமாக மனதுக்குள் கோத்துப் பார்த்தாள். சரியாக வந்ததெல்லாம் இன்னொரு காரணம்போலத்தான் இருந்தது.

மத்தியானம் அவள் பேருந்து நிலையத்தின் பின்புறம் போய் நின்று ஃபூ அண்ணனைக் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கத்தியதில், பக்கத்தில் வெற்றிலைப்பாக்கு மென்றுகொண்டிருந்த டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"பெத்த தாயடீ! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா எங்கம்மா படத்த வச்சிருப்பேன், அவங்க போயே பல வருஷம் ஆச்சு! உறையக் குடுத்தியா?"

"இல்லண்ணே."

"கிழிச்சாங்கன்னு சொன்னியே, அது?"

"அதுவும் இல்லண்ணே. இங்கதான் இருக்கு."

அவர் பக்கத்தில் யாரையோ திட்டினார். பிறகு குரல் தாழ்ந்தது. "அவங்க கையில உறையக் குடு. அவங்களே கிழிக்கணும். சிரிச்சுக்கிட்டு. பல்லை மட்டும் காட்டுனாக் கணக்குல வராது, நெசமா சிரிக்கணும்."

"அப்படிக் கிழிச்சா ஒண்ணும் ஆகாதாண்ணே?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன சாமியாரா? கிழிச்சவங்க எல்லாம் மறுநாள் வேலைக்கு வந்தாங்க. அது வரைக்கும்தான் எனக்குத் தெரியும். போ. வேலைக்கு வந்தாலும் கொஞ்ச நாளைக்கு எம் மூஞ்சில முழிக்காத."

அவள் வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். சித்தியும் லாவ் சியேவும் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருக்கலாம்தான். காத்திருந்தால் தைரியம் போய்விடும் என்று தோன்றியது. துண்டைப் பிரித்துச் சட்டம் போட்ட படத்தை மேசைமேல் வைத்தாள். பக்கத்தில் சிவப்பு உறையை வைத்தாள். ஃபூ அண்ணன் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள்.

"இத வீட்டுக்குள்ளயே கொண்டு வந்திருக்கியா?" என்றாள் அம்மா. ஆனால் கை சட்டத்தை இழுத்துக்கொண்டது. வெகுநேரம் பார்த்தாள். "நல்லாத்தான் எடுத்திருக்க."

உறையைத் தொடாமல் ஒரு விரலால் சித்தி பக்கம் தள்ளினாள். "இதுக்கு எல்லாருக்கும் நூடுல்ஸ் போடு. மொளகா தூக்கலா."

"மொதல்ல சிரி," என்றாள் சித்தி. "நூடுல்ஸ் எங்க ஓடிப் போவுது."

அம்மா படத்தைச் சட்டத்திலிருந்து உருவினாள். உதட்டை விரித்தாள். வயிற்றுவலிக்காரி போல இருந்தது. சித்தி தன் வீட்டுக்காரர் கோழி பிடிக்கப் போய்ச் சாக்கடையில் விழுந்த கதையைச் சொன்னாள். பலமுறை கேட்ட கதை. லாவ் சியே பொய்ப்பல்லைக் கழற்றிக் காட்டினார். அம்மா அவர்களை மாறி மாறிப் பார்த்துவிட்டுப் படத்தைக் கீழே வைத்தாள்.

"வரல. வராத சிரிப்ப என்ன பண்ணச் சொல்ற? இப்படியே கிழிச்சா இன்னும் மோசம். விடு."

கடைக்குள் ஒருவன் வந்து சீட்டுக் கேட்டான். லாவ் சியே அவனைக் கையசைத்துப் போகச் சொன்னார்.

"சரி, ஒண்ணு கேக்குறேன்," என்றாள் அம்மா, படத்தைப் பார்த்தபடியே. "கதையில நான் எப்படிச் செத்தேன்?"

வெய்லான் வாயைத் திறந்தாள். அந்த நாடகத்தில் எந்தக் கோப்பை எந்த அலமாரியில் இருந்தது என்று அவளுக்குத் தெரியும். பல் டாக்டரின் பூனை எந்தத் தட்டில் சாப்பிட்டது என்று தெரியும். இது தெரியவில்லை. மனதுக்குள் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். எங்கும் இல்லை. அப்போது ஒரு பொய் முழுசாக வந்து நாக்கில் உட்கார்ந்தது: ஆபரேஷனைத் தள்ளிப்போட்டாங்கம்மா, அதனாலதான். நல்ல பொய். சொன்னால் அம்மா நாளைக்கே சாங்ஷாவுக்குப் புறப்பட்டுவிடுவாள். அவள் நன்மைக்காகத்தானே? ஏஜென்ட் அனுப்பினார் என்றதும், அந்தம்மா கிழித்துவிட்டார் என்றதும் கூட யாருடைய கெடுதலுக்காகவும் சொன்னதில்லை.

"தெரியலம்மா," என்றாள். "அத யாரும் எழுதல."

"எழுதலன்னா?"

"கதை தொடங்கும்போதே நீ செத்துதான் இருந்த. ஏன் செத்தன்னு யாரும் கேக்கல. நானும் கேக்கல."

அம்மா நிமிர்ந்தாள். "மொத்த நாடகத்துலயுமா?"

"மொத்த நாடகத்துலயும்."

"லிஃப்டு கயிறு எப்படி அறுந்துச்சுன்னு ஒரு பாகம் பூரா ஆராய்ச்சி பண்ணுனாங்களே!"

"ஆமா."

"அந்தப் பூனைக்கு ஏன் வயித்தால போவுதுன்னு ஒருத்தன் படம் வரஞ்சு சொன்னானே! அழுகிப்போன எறால்னு!"

"ஆமாம்மா."

"பூனைக்குக் காரணம் இருக்கு, எனக்கு இல்லயா? தெனமும் வந்து எந்தலையில எல்லாத்தையும் கொட்டுறாளே, ஒரு நாளாவது, ஏம்மா, ஒனக்கு என்னம்மா ஆச்சுன்னு கேட்டாளா அந்த சண்டாளி?"

சித்தி மூக்கால் ஒரு சத்தம் போட்டாள். அவ்வளவுதான். அம்மாவின் தோள் முதலில் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. மேசையைத் தட்டினாள். "சும்மாவே செத்திருக்கேன்டீ ஜின்ஹுவா! ஒரு காய்ச்சல் கூட வராம!" என்றாள். சிரிக்கச் சிரிக்கக் கழுத்து வலித்திருக்க வேண்டும். ஒரு கை சால்வையைப் பிடித்துக்கொண்டது. மறு கையால் படத்தை எடுத்தாள்.

கெட்டியான தாள். இழுத்துப் பார்த்தாள், வளைந்ததே தவிரக் கிழியவில்லை. ஓரத்தைப் பல்லால் கடித்து ஒரு வெட்டு உண்டாக்கி, இரண்டு கையாலும் பிளந்தாள். நெற்றி ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். அதையும் பிளந்தாள். எந்த இடத்தில் சிரிப்பு அழுகையாயிற்று என்று வெய்லானுக்குத் தெரியவில்லை. அம்மாவின் தோள் அதேபோலத்தான் குலுங்கிக்கொண்டிருந்தது. கண்ணும் மூக்கும் ஒழுகின. கை மட்டும் நிற்காமல் கிழித்துக்கொண்டே போனது.

இது கணக்கில் சேருமா? வெய்லான் சித்தியைப் பார்த்தாள்.

"சிரிச்சா," என்றாள் சித்தி அழுத்தமாக. "நான் பாத்தேன்."

"நானும்," என்றார் லாவ் சியே. பல்லை இன்னும் கையில் வைத்திருந்ததால் அது வேறு ஏதோபோல் கேட்டது.

அம்மா சால்வை முனையால் முகத்தைத் துடைத்தாள். துண்டுகளைக் கூட்டிக் குப்பையில் தள்ளினாள்.

"ஆஸ்பத்திரிக்கு நீ பேசு. காலையில அந்தப் பொண்ணுகிட்ட பெருசாப் பேசிட்டேன். எனக்கு வெக்கமா இருக்கு."

வெய்லான் பேசினாள். எதிர்முனையில் இருந்த பெண் கணினியில் தட்டினாள், காத்திருக்கச் சொன்னாள், திரும்பவும் தட்டினாள். வியாழக்கிழமை இடம் காலையிலேயே வேறொருவருக்குப் போய்விட்டது. அடுத்த இடம் எப்போது என்று சொல்ல முடியாது, மாதக் கடைசிவரை நிரம்பியிருக்கிறது. வேண்டுமானால் நேரில் வந்து காத்திருக்கலாம். யாராவது வராமல் போனால் கூப்பிடுவார்கள்.

வெய்லான் அதை அப்படியே அம்மாவிடம் சொன்னாள். "என்னாலதாம்மா. நான் அந்த..."

"ஒன்னாலதான்," என்றாள் அம்மா. "அத நான் மறக்கப் போறதில்ல. ஒம் பைய எடு, அதுல இருக்குற ரெண்டு துணி போதும்."

"அங்க போய் எத்தன நாள் உக்காருறதும்மா? யாரும் வராமப் போகலன்னா?"

"அதெல்லாம் வராமப் போவாங்க." அம்மா இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கல்லாச் சாவியைச் சித்தியிடம் கொடுத்தாள். "பாம்பு வருஷத்துல பொறந்தவ நான் ஒருத்திதானா? எவளாவது பயந்துபோய் இந்நேரம் வரலன்னு போன் போட்டுக்கிட்டு இருப்பா."

சாங்ஷா பேருந்து எதிரே கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அம்மா பதில் எதிர்பார்க்காமல் தெருவில் இறங்கி, வண்டிகளை நோக்கிக் கையை நீட்டி நிறுத்தச் சொல்லிக்கொண்டே கடந்தாள்.